லேப்டாப்பை மூடினாலும் பேட்டரி காலியாவது ஏன்? லினக்ஸ் பயனர்கள் கவனிக்க வேண்டியவை

லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு, ஃபெடோரா என்று ஏதாவது ஒரு லினக்ஸை நிறுவியவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. இரவு 80 சதவீத சார்ஜுடன் மூடி, பைக்குள் வைக்கிறார்கள். காலையில் எடுத்தால் லேப்டாப் சுடுகிறது, பேட்டரி காலி. சேமிக்காமல் விட்ட ஃபைலும் போச்சு!

'லினக்ஸுன்னாலே இப்படித்தான்' என்று மொத்தப் பழியும் அதன் மேல் விழுகிறது. ஆனால், இதில் இன்னொரு பங்காளியும் இருக்கிறது. அதுதான் லேப்டாப் தயாரிப்பாளர் உள்ளே எழுதிவைத்திருக்கும் ஃபர்ம்வேர். பேச்சுவழக்கில் பயாஸ்.

உறக்கத்தில் இரண்டு வகை

1996-ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 'ஏசிபிஐ' என்ற பொது விதிமுறையை வெளியிட்டன. மின்சாரத்தை எப்போது குறைப்பது, எதை நிறுத்துவது என்று ஆபரேட்டிங் சிஸ்டமும் ஃபர்ம்வேரும் பேசிக்கொள்ளும் மொழி இது. இதில் 'எஸ்3' என்றொரு உறக்கநிலை உண்டு. ராம் நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும். ப்ராசஸர் உட்பட மற்றவை பெரும்பாலும் அணைந்துவிடும்.

ஸ்மார்ட்போன் வந்த பிறகு எதிர்பார்ப்பு மாறியது. லேப்டாப்பும் போன் மாதிரி சட்டென்று விழிக்க வேண்டும், மூடியிருக்கும்போதும் மெயில் வர வேண்டும். விண்டோஸ் 8-ல் தொடங்கிய இந்த முயற்சி, விண்டோஸ் 10-ல் 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' ஆனது. இதில் கணினி அணைவதில்லை, ஆழ்ந்த ஓய்வில் இருக்கும். லினக்ஸில் இதற்கு இணையானது 'எஸ்2ஐடில்'.

என்ன வித்தியாசம்? எஸ்3 என்பது வீட்டின் மெயின் ஸ்விட்சை அணைப்பது போல. எஸ்2ஐடில் என்பது ஒவ்வோர் அறையாகப் போய் விளக்கை அணைப்பது போல. வைஃபை, எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் என ஒவ்வொன்றின் டிரைவரும் தன் வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும். ஒன்று விழித்திருந்தால்கூட ப்ராசஸர் ஆழ்ந்த ஓய்வுக்குப் போகாமல் போகலாம். பை சூடாவது இதனால்தான். விண்டோஸ் பயனர்களும் இதே புகாரைச் சொல்வதுண்டு.

லினக்ஸ் போடும் விண்டோஸ் வேஷம்

கணினி தொடங்கும்போது ஃபர்ம்வேர், 'நீ விண்டோஸின் எந்தப் பதிப்பு?' என்கிற பாணியில் ஆபரேட்டிங் சிஸ்டத்தை விசாரிக்கும். லினக்ஸ் கெர்னல் கூசாமல் 'ஆமாம், விண்டோஸ்தான்' என்று பதில் சொல்லும். 'நீ லினக்ஸா?' என்று கேட்டாலோ, 'இல்லை' என்றுதான் சொல்லும்!

காரணம் எளிது. பெரும்பாலான லேப்டாப்கள் விண்டோஸில் மட்டுமே முழுமையாகச் சோதிக்கப்படுகின்றன. லினக்ஸுக்கு என்று தனியாக எழுதப்பட்ட வழியில் யாரும் நடந்து பார்த்திருக்க மாட்டார்கள். அதைவிட, சோதித்த வழியிலேயே போவது பாதுகாப்பு.

தயாரிப்பாளர் மனது வைத்தால் நிலைமை மாறும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2018-ல் வந்த லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் மாடலில் முதலில் எஸ்3 இல்லை. பின்னர் வந்த பயாஸ் அப்டேட்டில், உறக்கநிலைக்கு 'லினக்ஸ்' என்ற தேர்வு சேர்க்கப்பட்டது. எஸ்3 திரும்பி வந்தது.

சரி, என்ன பண்ணலாம்?

முதலில், உங்கள் லேப்டாப் எந்த வகை என்று பாருங்கள். 'சிஸ்' அடைவில் 'பவர்' என்பதற்குள் 'மெம்_ஸ்லீப்' என்ற சின்ன ஃபைல் இருக்கும். அதில் 'டீப்' என்ற சொல் இருந்தால் எஸ்3 உண்டு. சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் இப்போது நடப்பில் உள்ளது. 'எஸ்2ஐடில்' மட்டுமே இருந்தால், பயாஸ் அமைப்பில் உறக்கநிலைத் தேர்வு ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். பயாஸையும் கெர்னலையும் அப்டேட் செய்யுங்கள். இந்தக் கோளாறுகள் பல அங்கேதான் சரியாகின்றன.

அடுத்து, ஓர் இரவு சோதனை. சதவீதத்தைக் குறித்துக்கொண்டு மூடிவையுங்கள். காலையில் கொஞ்சம் குறைந்திருந்தால் பரவாயில்லை. பாதி இறங்கியிருந்தால் ஏதோ ஒரு சாதனம் தூங்கவில்லை என்று அர்த்தம்.

வெளியூர் போகும்போது ஹைபர்னேட் நல்ல தேர்வு. ராமில் உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும். ஆனால், அதற்குப் போதுமான ஸ்வாப் இடம் வேண்டும். செக்யூர் பூட் இயங்கினால் பல லினக்ஸ் பதிப்புகள் இதை அனுமதிக்காது. எழுதிவைத்ததை இடையில் யாராவது மாற்றிவிடலாம் என்ற பயம்தான் காரணம்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்களா? ப்ராசஸர், ராம் விவரங்களோடு நிறுத்தாதீர்கள். லினக்ஸுடனேயே விற்கப்படும் மாடலா, உபுண்டுவின் சான்றிதழ் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த மாடலில் மூடித் திறக்கும் சோதனையை உங்களுக்கு முன்பே யாரோ செய்திருப்பார்கள்.