சேமிப்பு இருந்தால் ஈ.எஸ்.ஐ. போய்விடுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் தம்பதியரே!

"போஸ்டாபீசுல பணம் போட்டா ஈ.எஸ்.ஐ. கார்டு போயிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஈ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பளமே கணக்கு, சேமிப்பு அல்ல. 2017 முதல் சம்பள வரம்பு 21,000 ரூபாய். ஓவர்டைம் காசு இந்த வரம்பில் சேராது. சந்தா மட்டும் அதற்கும் பிடிப்பார்கள். மனைவியின் பிரசவத்தை நினைத்து ஓவர்டைமை விட்டுவிட வேண்டாம்! சம்பளம் நடுவில் வரம்பைத் தாண்டினாலும் உடனே நின்றுபோகாது. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்ற ஆறுமாதச் சந்தாக் காலம் முடியும்வரை தொடரும்.

ஈ.எஸ்.ஐ. இல்லாத குடும்பமா? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டு வருமான வரம்பு 2022-இல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக உயர்ந்தது. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.