கொட்டகலைக் கொழுந்தும் கொழும்புத் திரையும்

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மடுவத்தில் கொழுந்தை நிறுத்துக் கிலோவைக் குறிக்கும்போது அந்தத் தகவல் தோட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. ஸ்டோரில் வாட்டி, அரைத்து, சலித்து, பி.ஓ.பி., டஸ்ட் என்று தரம் பிரித்து, இன்வொய்ஸ் இலக்கம் போட்ட பிறகுதான் அது வெளியே கிளம்புகிறது. அப்புறம் ஒரே தேயிலையைப் பற்றி எத்தனை பேர் எழுத வேண்டியிருக்கிறது பாருங்கள்: கம்பனி, தரகர், களஞ்சியக்காரர், ஏற்றுமதியாளர், வங்கி, சுங்கம், கப்பல் முகவர். ஆளுக்கொரு லெட்ஜரில் தனித்தனியே எழுதினால் எங்கோ ஒரு இலக்கம் பிசகும். எல்லாரும் ஒரே பதிவைப் பார்த்து வேலை செய்யும் ஏற்பாட்டைத்தான் நிறுவனங்களுக்கு இடையிலான தகவல் முறைமை என்கிறார்கள். பெயர்தான் பெரிசு.

நம் சுங்கத்தில் இது முன்பே வந்துவிட்டது. ஐ.நா.வின் அங்க்டாட் உருவாக்கிய அசிகுடா அங்கே ஓடுகிறது. தேயிலை ஏலம் மட்டும் பழைய வழியிலேயே நின்றது. 1883 ஜூலை 30இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் மண்டபத்தில் உட்கார்ந்து, வாயால் விலை கேட்பதே வழக்கம். லண்டன் ஏலம் 1998இல் மூடப்பட்டபோதும் கொழும்பு மாறவில்லை. கொரோனா ஊரடங்கு வந்து மண்டபத்தை அடைத்தது. 2020 ஏப்ரல் 4இல் முதல் மின்னேலம் நடந்தது. பல வருஷமாகப் பேசிக்கொண்டிருந்த காரியத்தைச் சில வாரங்களில் செய்து முடித்தார்கள்!

ஆனாலும் மாதிரிப் பொட்டலம் இன்றும் கையால்தான் போக வேண்டும். நாக்கு சொல்லாமல் யாரும் விலை கேட்பதில்லை.

உலக மின்வணிகம் என்றால் எல்லைகள் இல்லை என்று சொல்வார்கள். ஈரான் கதை வேறு. தேயிலையை அங்கே விரும்பிக் குடிக்கிறார்கள். பொருளாதாரத் தடையால் வங்கி வழியே காசு வருவதுதான் சிக்கல். எண்ணெய்க் கடனான 251 மில்லியன் டொலருக்கு, மாதம் 5 மில்லியன் பெறுமதியான தேயிலையைக் கொடுத்துக் கழிப்பதென்று 2021 டிசம்பரில் உடன்பாடு. திரையில் ஏலம் கேட்டு, பண்டமாற்றில் கணக்குத் தீர்க்கிறோம்.

இதில் மலையகத்துக்கு என்ன? 2016 கூட்டு ஒப்பந்தத்தின் 730 ரூபாயில் 30 ரூபாய் விலைப் பங்குக் கொடுப்பனவு. 2019இல் அது 50 ரூபாய். கூலியிலேயே ஏல விலையின் பெயர் இருந்தது. தோட்ட மார்க் வாரியாக விலை சொல்லும் தரகர்களின் வாராந்த அறிக்கையை இப்போது கைபேசியிலேயே திறந்து பார்க்கலாம். ஆனால் அது ஆங்கிலத்தில் வருகிறது. அரைப்பேர் விழுந்த நாளில் மடுவத்தில் நிற்கும் அக்காவிடம், தன் தோட்டத்துத் தேயிலை போன வாரம் என்ன விலைக்குப் போச்சு என்று கேட்டுப் பாருங்கள்.