வாட்டர் பம்ப் மாத்தியும் கூலன்ட் ஒழுகுதா? ரெண்டாவது தடவை காசு கொடுக்காதீங்க!

போன மாசம் என் பழைய காருக்கு வாட்டர் பம்ப் மாத்தினேன். மூணாவது நாளே பார்க்கிங்ல பச்சையா கூலன்ட் சொட்டி இருந்தது. ஒர்க்‌ஷாப்ல, "ரேடியேட்டரும் மாத்தணும் சார்"னு சொன்னாங்க.

"எங்க ஒழுகுதுன்னு முதல்ல காட்டுங்க"ன்னு கேட்டேன். பிரஷர் டெஸ்ட்ல தெரிஞ்சது: பழைய கேஸ்கெட்டை முழுசா சுரண்டாம, அது மேலேயே புதுசை வச்சு பம்ப்பை மாட்டியிருக்காங்க. சுத்தம் பண்ணி, வேற கேஸ்கெட் போட்டு, போல்ட்டைச் சரியான டார்க்ல முறுக்கினதும் ஒழுகல் நின்னுடுச்சு.

இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க:

• கேஸ்கெட், ஹோஸ் கிளாம்ப் பக்கம் ஒழுகினா, பெரும்பாலும் மாட்டின விதத்துல குறை. லேபர் திரும்பக் கொடுக்காதீங்க.
• பம்ப்ல இருக்கிற சின்ன வீப் ஹோல் வழியா தொடர்ந்து ஒழுகினா, உள்ளே சீல் போயிருக்கு. பார்ட் வாரன்ட்டியைக் கேளுங்க.
• இன்ஜின் சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

"சொட்டுதானே"ன்னு தண்ணி ஊத்தி ஓட்டாதீங்க. சூடேறி ஹெட் கேஸ்கெட் போனா செலவு பல மடங்கு. சாதாரண கார் இன்சூரன்ஸ் மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்குப் பணம் தராது. உங்க எமர்ஜென்சி ஃபண்ட்தான் கரையும்.

ஒரு ஆடிட்டரா சொல்றேன்: பார்ட்ஸ், லேபர் தனித்தனியா போட்ட பில்லை வாங்கி வைங்க. அது கையில இருந்ததாலதான், ரெண்டாவது தடவை எனக்கு லேபர் சார்ஜ் பூஜ்யம்.