மாத்திரை விழுங்கக் கற்றுக்கொண்ட சிறுவன்



இந்த மடலில் மிகச் சிறிய ஒரு காரியத்தைப் பற்றி எழுத விரும்புகிறோம். ஒரு சிறு பிள்ளைக்கு மாத்திரை விழுங்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்பதே அது. 'இதை எழுதவும் வேண்டுமா?' என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தினால் ஒரு பிள்ளையை ஆபத்துக்கு மிக அருகில் கொண்டுபோய் விட்டோம்.

அந்தச் சிறுவனுக்கு அப்போது 5 வயது. பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். அவனுக்கு இரத்தப் புற்றுநோய். சிறு பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்னும் வகை. முதல் சில மாதங்கள் மருத்துவமனையில் ஊசி மூலமாகவும் டிரிப் மூலமாகவும் மருந்து கொடுத்தோம். நோய் நன்றாகக் கட்டுப்பட்டது. வார்டில் எல்லாரும் மகிழ்ந்து வீட்டுக்கு அனுப்பினோம்.

அதன்பின் இந்த நோய்க்கு நீண்ட சிகிச்சை ஒன்று உண்டு. வீட்டிலேயே தினமும் மெர்காப்டோப்யூரின் என்னும் மாத்திரை, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. மொத்தச் சிகிச்சையும் முடிய 2 முதல் 3 ஆண்டுகள் ஆகும். இந்த நாட்களில் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் ஓரளவு குறைந்தே இருக்க வேண்டும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம்.

அவனுக்கு அணுக்கள் குறையவில்லை. 'மாத்திரை கொடுக்கிறீர்களா?' என்று கேட்டோம். 'கொடுக்கிறோம்' என்றார் தாயார். மருந்தின் அளவைக் கூட்டினோம். அடுத்த முறையும் குறையவில்லை. மறுபடியும் கூட்ட ஆயத்தமானோம்.

அன்று பணியில் இருந்த மூத்த சிஸ்டர் ஒருவர் சிறுவனைத் தன் அருகில் உட்கார வைத்து, "ராஜா, வீட்டிலே மாத்திரை எப்படிப் போடுவே? சிஸ்டருக்குக் காட்டு பார்ப்போம்" என்றார். அவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு விரலால் தன் மூக்கைப் பிடித்துக் காட்டினான். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டான்.

தாயார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "பொடி பண்ணித் தேன்ல குழைச்சுக் கொடுத்தா துப்பிடறான் சிஸ்டர். முழுசாக் கொடுத்தா வாந்தி எடுக்கிறான். நானும் அவங்க அப்பாவும் பாட்டியும் சேர்ந்து பிடிச்சுக்கிட்டுத்தான் ஊத்துவோம். பாதி போகும், பாதி போகாது. சொன்னா டாக்டர் திட்டுவாங்கன்னு பயந்துட்டேன்."

அந்தத் தாய் எங்களிடம் பொய் சொல்லவில்லை. கொடுக்கிறீர்களா என்று கேட்டோம், கொடுத்தார். அவன் விழுங்குகிறானா என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. இன்னொரு ஆபத்தும் இருந்தது. கூட்டிய அளவு முழுவதும் ஒருநாள் திடீரென்று உள்ளே போயிருந்தால், எலும்பு மஜ்ஜை தளர்ந்து, சாதாரணக் காய்ச்சலே அவன் உயிருக்கு உலை வைத்திருக்கும். அன்றே பழைய அளவுக்குத் திரும்பினோம்.

ஒரு நாள் தவறினால் என்ன?

மெர்காப்டோப்யூரின் சாதாரண மருந்தல்ல. அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியன் என்னும் அம்மையாரும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய இம்மருந்து 1953 இல் அங்கே அனுமதி பெற்றது. அவ்விருவரும் 1988 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இந்த மருந்துகள் வருமுன், இந்நோய் வந்த பிள்ளைகள் சில மாதங்களிலேயே மரித்துப்போனார்கள். இன்று பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதால், வசதியுள்ள நாடுகளில் பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

ஆனால் அந்த மருந்து தினமும் உள்ளே போக வேண்டும். டாக்டர் ஸ்மிதா பாட்டியா தலைமையில் அமெரிக்காவில் நடந்து 2012 இல் வெளியான ஆய்வில், இந்த மாத்திரையை 95 சதவீதத்துக்குக் குறைவாக உட்கொண்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து கணிசமாக அதிகம் என்று கண்டார்கள். 95 சதவீதம் என்பது நல்ல மதிப்பெண் போலத் தோன்றும். கணக்குப் பார்த்தால், மாதத்தில் இரண்டு நாள் தவறினாலே அதற்குக் கீழே போய்விடும். நம் சிறுவனுக்கோ பாதி நாட்கள் தவறியிருந்தன.

பிடிவாதம் அல்ல, பழகாத வித்தை

இந்தப் பிள்ளை தினமும் இட்லியும் சோறும் விழுங்குகிறான். மாத்திரையை விடப் பெரிய கவளம் தொண்டையில் சுலபமாக இறங்குகிறது. பின் ஏன் மாத்திரை இறங்கவில்லை? 'நன்றாக மென்று தின்னு' என்று பிறந்தது முதல் நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். இப்போது 'மெல்லாதே, அப்படியே முழுங்கு' என்கிறோம். அவன் நாக்குக்கு இது புதிய வேலை. பழக்கமில்லாத பொருள் வந்தவுடன் நாக்கு அதை முன்னே தள்ளுகிறது. அதற்குள் மாத்திரை கரைந்து கசக்கிறது. மறுநாள் மாத்திரையைப் பார்த்ததுமே குமட்டுகிறது. சைக்கிள் விடப் பழகுவது போல இதையும் பழக்க வேண்டும். அடித்தும் மிரட்டியும் யாரும் சைக்கிள் கற்றதில்லை.

சிஸ்டர் சொல்லிக்கொடுத்த முறை

சிறியதில் தொடங்கி, மெல்ல மெல்லப் பெரியதற்குப் போவதே இம்முறை. பல நாடுகளில் குழந்தைகள் மருத்துவமனைகளில் கையாளப்படுகிறது. 4 வயது கடந்த பிள்ளைகளில் பலர் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். சிலருக்கு இன்னும் ஓரிரு ஆண்டுகள் வேண்டியிருக்கும்.

1. பிள்ளை பசியோடும் தூக்கத்தோடும் இல்லாத நேரம் பாருங்கள். நிமிர்ந்து உட்காரட்டும். பத்து நிமிடம் போதும். அந்த நேரத்தில் உண்மையான மாத்திரை கண்ணில் படவே கூடாது.

2. முதலில் வெறும் தண்ணீர் ஒரு மடக்கு. வாய் ஈரமானால் எதுவும் ஒட்டாது. நம் ஊரில் அண்ணாந்து குடித்தே பழக்கம். இதற்கு அது ஆகாது. டம்ளரை உதட்டில் வைத்தே குடிக்கட்டும்.

3. கேக்கின் மேல் தூவும் சர்க்கரை மணி ஒன்றை நாக்கின் நடுவே சற்று உள்ளே தள்ளி வையுங்கள். அது கிடைக்காவிட்டால் நன்றாக வெந்த ஒரு ஜவ்வரிசி. ஒரு வாய்த் தண்ணீர் எடுத்து, நேரே பார்த்தபடி ஒரே மடக்காக விழுங்கச் சொல்லுங்கள்.

4. ஒரே அளவை ஐந்து முறை தடையின்றி விழுங்கினால் அடுத்த அளவுக்குப் போங்கள். சீரக மிட்டாய், அதன்பின் டிக் டாக் மிட்டாய். அவனுக்குத் தேவைப்படும் மாத்திரையின் அளவு வந்ததும் நிறுத்திவிடலாம்.

5. தடுமாறினால் திட்டாமல் முந்தின அளவுக்குத் திரும்புங்கள். அவன் வெற்றியாக விழுங்கிய ஒன்றோடு அன்றைய பயிற்சியை முடியுங்கள். நாளை அவனே வந்து கேட்பான்.

6. 'பயிற்சிக்குத்தான் மிட்டாய், மாத்திரை மிட்டாய் இல்லை' என்று தெளிவாகச் சொல்லுங்கள். மருந்தைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

கேப்ஸ்யூலுக்கு ஒரு வித்தியாசம் உண்டு. மாத்திரை தண்ணீரில் அமிழும், கேப்ஸ்யூல் மிதக்கும். தலையை அண்ணாந்தால் அது பல்லின் பக்கமே வந்து நிற்கும். முகவாயைச் சற்றுத் தாழ்த்தினால் தொண்டைப் பக்கம் போகும். ஜெர்மனியில் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தார் 151 பெரியவர்களைக் கொண்டு செய்து 2014 இல் வெளியிட்ட ஆய்வில், முன்னே குனிந்து கேப்ஸ்யூல் விழுங்குவது பெரும்பாலோருக்கு எளிதாயிருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களும் செய்து பார்க்கலாம்.

செய்யக் கூடாதவை

மூக்கைப் பிடித்து ஊற்றாதீர்கள். அழும்போதும் சிரிக்கும்போதும் படுத்திருக்கும்போதும் வாயில் எதையும் போடாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். நிலக்கடலை போன்ற கெட்டியான பொருளில் பயிற்சி வேண்டாம். இருமலும் சளியும் உள்ள நாட்களில் நிறுத்தி வையுங்கள். சாதாரண உணவிலேயே புரை ஏறும் பிள்ளைக்கும், மூளை வளர்ச்சிக் குறைவினால் விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கும் மருத்துவரைக் கேளாமல் இதைச் செய்யவே கூடாது.

எந்த மாத்திரையையும் கேளாமல் பொடிக்காதீர்கள். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவை; பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். புற்றுநோய் மாத்திரையின் தூள் பொடிப்பவர் கையிலும் மூச்சிலும் போகும். கர்ப்பிணித் தாய்மார் அதைத் தொடவே கூடாது.

சிறு பிள்ளைகளுக்கு ஏற்ற மருந்துகள்

எல்லாச் சுமையையும் பிள்ளையின் தொண்டை மேலேயே வைப்பது நியாயமல்ல. நெடுங்காலமாகப் பல மருந்துகள் பெரியவர்களுக்கென்றே செய்யப்பட்டு, பிள்ளைகளுக்கு உடைத்துக் கொடுக்கப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் 2007 இல் குழந்தைகளுக்கென்று முதன்முறையாகத் தனி அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. 2015 இறுதியில், தண்ணீரில் போட்டதும் கரையும், பழச்சுவையுள்ள காசநோய் மாத்திரைகள் சிறு பிள்ளைகளுக்கென்று அறிமுகமாயின. அதற்குமுன் பெரிய மாத்திரைகளை உடைத்தும் பொடித்தும் கொடுத்துப் பட்ட பாட்டை எங்கள் பழைய சிஸ்டர்மார் நன்றாக அறிவார்கள். ஆனாலும் எல்லா நோய்க்கும் அப்படிப்பட்ட மருந்து நம் கைக்கு வரவில்லை. ஆகையால் இந்தப் பயிற்சி இன்னும் தேவைப்படுகிறது.

அந்தச் சிறுவன்

சிஸ்டர் அவனோடு முதல் நாள் உட்கார்ந்தபோது ஒரு சர்க்கரை மணிகூட இறங்கவில்லை. இரண்டாம் நாள் ஒன்று இறங்கியது. வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, "இல்லை பாருங்க" என்று எல்லாருக்கும் காட்டினான். ஆறாம் நாள் தன் மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டான். தாயார் சிஸ்டரின் கைகளைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

அடுத்த இரத்தப் பரிசோதனையில் அணுக்கள் இருக்கவேண்டிய அளவுக்கு வந்திருந்தன. சிகிச்சை இன்னும் முடியவில்லை. ஓர் ஆண்டுக்கு மேல் பாக்கி இருக்கிறது. தவறிய அந்த மாதங்கள் என்ன செய்திருக்கும் என்பதை இனிமேல்தான் அறிவோம். அவனுக்காக ஜெபியுங்கள். இப்போது அவன் மருத்துவமனைக்கு வரும்போதெல்லாம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் கட்டிலருகே போய், "நான் முழுங்கறதைப் பாரு" என்று சொல்லிக்கொடுக்கிறான்.

எங்கள் பழக்கமும் மாறியிருக்கிறது. நீண்ட நாள் மாத்திரை வேண்டிய எந்தப் பிள்ளையையும், அது விழுங்குவதைக் கண்ணால் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்புவதில்லை. பெற்றோரிடம், "எத்தனை நாள் தவறியது? பரவாயில்லை, சொல்லுங்கள்" என்றுதான் கேட்கிறோம்.

பிரியமானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கையில் மருந்து வாங்குகிறோம். அந்த மருந்து பிள்ளையின் நாக்கைத் தாண்டாவிட்டால் உங்கள் காணிக்கையும் அங்கேயே நின்றுபோகும். அதைத் தாண்ட வைக்க விலையுயர்ந்த இயந்திரம் வேண்டாம். ஒரு பொட்டலம் சர்க்கரை மணியும், அவசரப்படாமல் பத்து நிமிடம் உட்கார ஒரு சிஸ்டரும் வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தையும் உங்கள் ஆதரவுதான் எங்களுக்குத் தருகிறது.

உங்கள் ஜெபத்தையும் அன்பையும் நாடும்,
மருத்துவமனை ஊழியர் குடும்பத்தார்