உங்களுக்குத் தெரியுமா? ஆற்று இறால், வயல் நண்டு, மழைக்குட்டை!

நம் ஊரில் ‘ஸ்கேம்பி’ என்று விற்கும் பெரிய ஆற்று இறால் ஒரே ஈட்டில் எத்தனை முட்டை இடும்? 80,000 முதல் 1,00,000 வரை! அத்தனையையும் வயிற்றுக்கடியில் ஒட்டிவைத்துச் சுமார் 20 நாள் சுமக்கும்!

தாய் வாழ்வது நல்ல தண்ணீரில். குஞ்சு பிழைப்பதோ உப்புத் தண்ணீரில்! பொரித்த சில நாளுக்குள் உப்பு கிடைக்காவிட்டால் அத்தனையும் சாவுதான். அதனால்தான் சினை இறால் முகத்துவாரம் தேடி ஆற்றோடு இறங்குகிறது! இந்த உப்பு ரகசியத்தை 1960-களின் தொடக்கத்தில் மலேசியாவில் கண்டுபிடித்தவர் ஷாவோ வென் லிங். இறால் பண்ணைகளுக்கு வழி திறந்ததே அதற்குப் பிறகுதான்!

குஞ்சு நீந்துவது மல்லாந்தபடி, வால் முன்னால்! அது குட்டி இறாலாக மாறுவதற்குள் 11 பருவங்கள்! அப்புறம் பாருங்கள் வேகத்தை. வெள்ளத்தை எதிர்த்து ஆறு ஏறும். ஈரப் பாறையிலும் ஊர்ந்து ஏறும்!

ஆண்களில் மூன்று தரம் உண்டு. நீலக் கொடுக்கு, ஆரஞ்சுக் கொடுக்கு, பொடியன். ராஜா நீலக் கொடுக்குதான்! ஆரஞ்சு ஆண் சும்மா பட்டத்துக்கு வராது. பக்கத்திலுள்ள பெரிய நீல ஆணையும் விஞ்சி வளர்ந்த பிறகே நீலமாக மாறும்! பொடியன் சண்டைக்கே போவதில்லை. ராஜா அசந்த நேரத்தில் நுழைந்து பெண்ணோடு கூடிவிடும்! முற்றிய பண்ணைக்குளத்தில் பொடியன் 5, ஆரஞ்சு 4 என்றால் ராஜா வெறும் 1!

இனி ஏரிப் பாசன வயல் வரப்புக்கு வாருங்கள். வயல் நண்டுக்குக் கடலே வேண்டாம்! முட்டை சில நூறுதான், ஆனால் ஒவ்வொன்றும் பெரிசு. உள்ளேயே எல்லாப் பருவமும் முடிந்து, வெளியே வரும்போதே முழு நண்டு! கொஞ்ச நாள் தாயின் வயிற்று மூடிக்குள்ளேயே குடியிருக்கும்! உலகில் இப்படி நன்னீரிலேயே வாழும் நண்டு 1,300 வகைக்கும் மேல்!

மழைக்குட்டையில் கண்ணாடிபோன்ற உடலோடு மல்லாந்து நீந்துமே ஒரு சிற்றுயிர், அதுவும் இறாலுக்குத் தூரத்துச் சொந்தம்தான்! பெயர் ஸ்ட்ரெப்டோகெபாலஸ். கோடையில் குட்டை வறண்டால் முட்டை காய்ந்த மண்ணிலேயே கிடக்கும், வருடக்கணக்கில்கூட! மழை பெய்தால் ஓரிரு நாளில் பொரிந்துவிடும்!

மழைக்காலத்தில் நண்டு பிடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வயிற்று மூடி அகலமாக இருந்தால் அது பெண். உள்ளே முட்டையோ குஞ்சோ இருந்தால், தயவுசெய்து வளையிலேயே விட்டுவிடுங்கள்!