டயர் ஏன் இரைகிறது?

போடிமெட்டு ஏறிப் பூப்பாறைக்குப் போகும்போது எஞ்சின்தான் முனகும். அதே கார் வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்போது கேட்பது டயரின் சத்தம். ஏறக்குறைய 50ஐத் தாண்டினாலே டயர் முந்திக்கொள்ளும்.

எப்படி? டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டியான ஒவ்வொரு பட்டனும் தார்ச்சாலையை அறைகிறது. பட்டன்களுக்கு நடுவே சிக்கும் காற்று நசுங்கிச் சீறுகிறது. எல்லாப் பட்டனும் ஒரே அளவில் இருந்தால் அடிகள் சீராக விழுந்து, சங்கு ஊதுவதுபோல் ஒற்றைச் சுரமாகிவிடும். அதனால் வேண்டுமென்றே சிறிதும் பெரிதுமாகக் கலந்து வார்க்கிறார்கள்; குனிந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். டயருக்குள் அடைபட்ட காற்றும் சுமார் 200 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. சில விலையுயர்ந்த டயர்களின் உட்புறம் நுரைப்பஞ்சு ஒட்டுவது இதற்காகத்தான்.

அகலம் கூடினால் பொதுவாக இரைச்சலும் கூடும். ஜீப்புக்கான முரட்டுப் பட்டன் டயரைக் காரில் மாட்டுவது, என்னைக் கேட்டால், காசு கொடுத்துத் தலைவலி வாங்குவது. அதற்காக வெட்டே இல்லாத டயரும் ஆகாது. இடுக்கி மழையில் தண்ணீர் வெளியேற வழி வேண்டுமே! அதனால்தான் ஏஐஎஸ் 142 என்ற இந்தியத் தரவிதி இரைச்சலோடு ஈரப்பிடிப்பையும் சேர்த்தே அளக்கிறது.

பழைய டயர் திடீரென்று இரைந்தால், வண்டியை நிறுத்திவிட்டுப் பட்டன்மேல் கையை முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் ரம்பப் பல் என்றால் தேய்மானம் கோணல். அலைன்மென்ட் பார்த்து, முன்பின் டயர்களை மாற்றிப் போடச் சொல்லுங்கள்.