நூலும் தொடையும்: இல்லக் கைவினை தந்த இலக்கணச் சொற்கள்

கார்த்திகை விளக்கு நாளுக்கு முந்திய மாலையில் தமிழ் இல்லங்கள் பலவற்றில் ஒரு சிறு வேலை நடைபெறும். தாய் ஒரு பிடி பஞ்சைக் கிள்ளி எடுத்து, தூசு நீக்கி, உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டித் திரியாக்குவாள். அருகே பாட்டி நனைத்த வாழைநாரில் பூத் தொடுத்துக்கொண்டிருப்பாள். பிள்ளைகளோ இவற்றைக் கண்டும் காணாதவராய் இலக்கணப் பாடத்தை நெட்டுருச் செய்துகொண்டிருப்பர். அவர்களுக்கு விளங்காத கலைச்சொற்கள் சிலவற்றின் பொருள் தாயின் கையிலும் பாட்டியின் மடியிலும் இருக்கின்றது. அதனை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் 'நூல்' என்னும் சொல்லைக் காண்போம். இழைக்கும் ஏட்டுக்கும் தமிழில் பெயர் ஒன்றே. இவ்வொற்றுமையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் தம் பாயிரத்தில் அழகுற விளக்குகின்றார். அவர் கூறும் உவமையில் சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே நூற்கும் பெண், அவள் கையே அவன் வாய், சுழலும் கதிரே அவன் மதி. இவையெல்லாம் கூடியபோது குற்றமற்ற நூல் முடிகின்றது.

நூற்றலைக் கண்டறியாதார்க்கு இது வெறும் சொல்லடுக்காகத் தோன்றும். கண்டவர்க்கோ ஒவ்வோர் உறுப்பும் பொருள் தரும். கதிர் சுழல்வதினும் விரைந்து கை இழுத்தால் இழை அறும். கை தயங்கினால் இழை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும். கையும் கதிரும் ஒத்து இயங்குதல் வேண்டும். மதி செல்லும் அளவை மீறி வாய் சென்றாலும் அவ்வாறே உரை அறுந்துபோகும். பெண்கள் நாள்தோறும் நூற்ற காலத்தில் இதனை விளக்க வேண்டிய தேவை இருந்திராது.

'பனுவல்' என்பதும் இத்தகைய சொல்லே. இன்று அது நூலைக் குறிக்கும் உயர்ந்த சொல்லாக விளங்குகின்றது. சங்கப் பாடல்களில் அது பஞ்சையும் இழையையும் குறித்து வருகின்றது. நற்றிணை 353ஆம் பாட்டில், மலைமேல் தவழும் முகிலுக்கு, ஆடவர் துணையற்ற பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய பனுவலைக் கபிலர் உவமை கூறுகின்றார். புறநானூறு 326ஆம் பாட்டில், இருளில் காட்டுப்பூனைக்கு அஞ்சி அலறிய பேடைக்கோழி, பருத்திப் பெண்டு ஏற்றிய சிறு விளக்கின் ஒளியில் தன் சேவலைக் கண்டு அச்சம் தணிகின்றது. நள்ளிரவிலும் பஞ்சின் செத்தையைப் புடைத்து நீக்க அவள் எழுந்திருந்தாள். புலவர் பெருமக்களின் ஆக்கத்திற்கு வழங்கும் பெயர், இரவில் விழித்துழைத்துக் குடும்பம் காத்த இத்தகைய பெண்களின் கைப்பொருளுக்கும் பெயராக இருந்தது என்பதை மாணவர் அறிந்தால், அச்சொல்லை அவர் மறவார்.

இனிப் பாட்டியின் பூத்தொடுப்பைக் காண்போம். யாப்பு என்பது யாத்தல், அதாவது கட்டுதல். யாப்பருங்கலக் காரிகை கூறும் எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்னும் ஆறு உறுப்புகளுள் தளை என்பதும் கட்டே. தொடை என்பது தொடுக்கப்படுவது. பூமாலை என்னும் பொருளும் அதற்கு உண்டு. பாட்டி பூக்களை இணை இணையாக வைத்து, ஒவ்வோர் இணையின் காம்பிலும் நாரைச் சுற்றி முடிச்சிட்டு இறுக்குகின்றாள். எல்லாப் பூக்களின் காம்பும் ஒரே நேரில் அமைந்தால்தான் சரம் நேராக வரும். செய்யுளிலும், அடிதோறும் முதற்சீரின் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. பாடம், மாடம், கூடம் என்பன போல் ஒலிகள் ஒரே இடத்தில் விழுகின்றன. எதுகை என்பது அடியையும் அடியையும் பிணைக்கும் முடிச்சு என்று கூறின், சரம் தொடுக்கக் கண்ட பிள்ளைக்கு அப்போதே விளங்கும்.

தாயின் கையிலுள்ள திரியும் ஓர் இலக்கணச் சொல்லை நினைவூட்டுகின்றது. தோன்றல், திரிதல், கெடுதல் எனப் புணர்ச்சி விகாரம் மூன்று. பல் என்பதும் பொடி என்பதும் சேர்ந்து பற்பொடி ஆகும்போது லகரம் றகரமாகத் திரிகின்றது. பஞ்சைத் திரித்தலும் எழுத்துத் திரிதலும் ஒரே அடிச்சொல்லில் பிறந்தவை. பஞ்சு அழிந்துபோகவில்லை, வடிவம் மாறிற்று, லகரமும் அவ்வாறே.

இல்லப் பொருள்கள் ஆசிரியரையும் மாணவரையும் அளக்கும் கோலாகவும் நன்னூலில் நிற்கின்றன. பஞ்சு அடைத்த குடுவையில் பஞ்சு சிறிது சிறிதாகவே புகும். சிறிது சிறிதாகவே வெளிவரும். ஆசிரியர் ஆகாதார்க்கு அந்தப் பருத்திக் குண்டிகை ஓர் உவமை. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துவைக்கும் நெய்யரி, கடை மாணாக்கர்க்கு உவமை. அரியாத பொருளை அறிந்த பொருளால் விளக்குவதே உவமையின் பயன். இன்றோ நெய் புட்டியிலும், திரி பொட்டலத்திலும், மாலை பூக்கடையிலும் கிடைக்கின்றன. தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உவமையே புதிராகின்றது. உவமையை விளக்க மற்றோர் உவமை தேட வேண்டிய நிலைக்கு ஆசிரியர் தள்ளப்படுகின்றார்.

இதற்கு மருந்து எளிது. 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு, கைத்தொழிலை நடுவாகக் கொண்டு கல்வி அமைதல் வேண்டும் என்று வற்புறுத்தியது. அவ்வழியில் எழுந்த ஆதாரக் கல்விப் பள்ளிகளில் பிள்ளைகள் தக்களியில் நூல் நூற்றனர். அத்துணைப் பெரிய ஏற்பாடு இங்கு வேண்டுவதில்லை. ஒரு பிடி பஞ்சும், சிறிது நாரும், ஒரு கை பூவும் போதும். முறுக்காத பஞ்சை இழுத்துப் பார்க்கச் சொல்லுக, அது பிரிந்துவிடும். அதே பஞ்சை முறுக்கி இழுக்கச் சொல்லுக, அது தாங்கும். அதன் பின்னர் நன்னூல் உவமையைப் படிக்கச் செய்க. பூத் தொடுக்கத் தெரிந்த பாட்டி ஒருவரை ஒரு நாள் வகுப்பிற்கு அழைத்தால் இன்னும் நன்று. எழுதப் படிக்க அறியாதவராக அவர் இருக்கலாம். ஆயினும் தொடை என்னும் பாடத்தை அவரினும் நன்கு நடத்துவார் அரியர்.